ஒன்றுபோல் தெரியும் லேஸ்கள்: நூல் போன வழியைப் பாருங்கள்

மேசைமேல் மூன்று லேஸ் பட்டைகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இரண்டு விரல் அகலம். மூன்றும் வெள்ளை நூல். மூன்றிலும் கொசுவலையைவிட நுண்ணிய கண்கள், நடுநடுவே சிறு பூக்கள். ஒன்று வடக்குப் பிரான்ஸில் உள்ள லில் நகரத்துப் பாணி. இன்னொன்று இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷியர் பாணி. மூன்றாவது பெல்ஜியத்தின் மெக்லின் பாணி. எது எந்த ஊருடையது என்று சொல்ல முடியுமா?

பூவைப் பார்த்துச் சொல்ல முயன்றால் பெரும்பாலும் தோற்றுப்போவீர்கள். பூவின் வடிவத்தை எந்த ஊர்க்காரரும் எந்த ஊரிலிருந்தும் பார்த்து வரைந்துகொள்ளலாம். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆகவே லேஸை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, பூக்களுக்கு இடையில் இருக்கும் வெறும் வலையைப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு நூல் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய சாட்சியம்.

லேஸ் நமக்குப் புதிய பொருள் அன்று. மலாய் மொழியில் இதற்கு 'ரெண்டா' என்று பெயர். இலங்கைத் தமிழர் வழக்கிலும் பழைய தமிழ் அகராதியிலும் 'ரேந்தை' என்ற சொல் உண்டு. இரண்டும் போர்த்துகீசிய மொழியின் 'ரெண்டா' என்ற சொல்லிலிருந்து வந்தவை. இலங்கையின் காலி வட்டாரத்தில் 'பீரலு' என்ற பெயரில் கட்டை லேஸ் இன்றும் கையால் பின்னப்படுகிறது.

தலையணையும் கட்டைகளும்

லேஸில் பல வகை உண்டு. ஊசியால் தைப்பது ஒன்று, கொக்கி ஊசியால் பின்னுவது இன்னொன்று. நாம் இங்கே பார்க்கப்போவது கட்டை லேஸ். கெட்டியாக அடைத்த ஒரு தலையணைமீது துளையிட்ட அட்டையை வைப்பார்கள். ஒவ்வொரு நூலின் முனையும் ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றியிருக்கும். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல்கள் பின்னிக்கொள்ளும். அவிழாமல் இருக்க, அட்டையின் துளைகளில் குண்டூசி குத்திக்கொண்டே போவார்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1670ஆம் ஆண்டையொட்டி வரைந்த 'லேஸ் பின்னும் பெண்' ஓவியத்தில், மஞ்சள் உடை அணிந்த பெண் குனிந்து செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான். ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பயிற்சிப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும்.

மிக எளிய லேஸுக்கு இருபது கட்டைகள் போதும். அகலமான, நுண்ணிய லேஸுக்குப் பல நூறு கட்டைகள் வேண்டும். ஆனாலும் பின்னுபவர் ஒரே நேரத்தில் கையாள்வது நான்கு கட்டைகளை, அதாவது இரண்டு இணைகளை மட்டுமே. அந்த நான்கையும் வைத்து அவர் செய்வதும் இரண்டே அசைவுகள்தான்.

நான்கு நூல்களுக்கும் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். முதல் அசைவு, நடுவில் உள்ள இரண்டில் 2ஆம் நூலை 3ஆம் நூலுக்கு மேலே போட்டு இடம் மாற்றுவது. இதைத் 'தாண்டல்' என்போம். இரண்டாவது அசைவு, ஒவ்வொரு இணைக்குள்ளும் வலது நூலை இடது நூலுக்கு மேலே போடுவது: 2ஐ 1க்கு மேலே, 4ஐ 3க்கு மேலே. இது 'முறுக்கல்'.

திசைகளைக் கவனித்தீர்களா? தாண்டலில் இடது நூல் மேலே போகிறது. முறுக்கலில் வலது நூல் மேலே போகிறது. இது வெறும் பழக்கம் அன்று. இப்படிச் செய்தால் ஒவ்வொரு நூலும் ஒரு முறை மேலே, அடுத்த முறை கீழே என்று மாறி மாறிப் போகும்; பின்னல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். ஒரு முறுக்கலை எதிர்த்திசையில் செய்துவிட்டால் அது முந்தைய முறுக்கலை அப்படியே அவிழ்த்துவிடும்.

தாண்டல், முறுக்கல், தாண்டல் என்று செய்தால் சாதாரண நெசவுத் துணிபோல் அடர்த்தியான பரப்பு கிடைக்கும். பூவிதழ்கள் இப்படித்தான் நிரப்பப்படுகின்றன. தாண்டல், முறுக்கல், தாண்டல், முறுக்கல் என்று அதே நான்கு நூல்களோடு தொடர்ந்துகொண்டே போனால் நான்கு கால் பின்னல் ஒன்று கயிறுபோல் உருவாகும். தாண்டிவிட்டுப் பல முறை முறுக்கினால் காற்றோட்டமான வலை கிடைக்கும். கட்டை லேஸின் அத்தனை பாணிகளும் இந்த இரண்டு அசைவுகளின் வரிசை மாற்றங்களே. மெல்லிசையும் பறையும் சில அடிப்படைத் தட்டுகளில் பிறப்பதுபோல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் லேஸில் அடிப்படை அசைவுகள் அதைவிடவும் குறைவு.

கண்ணின் ஆறு பக்கங்கள்

இப்போது அந்த மூன்று பட்டைகளுக்கு வருவோம். உருப்பெருக்கியில் ஒரே ஒரு கண்ணை மட்டும் பாருங்கள்.

லில், பக்கிங்ஹாம்ஷியர் இரண்டிலும் கண்ணின் நான்கு சாய்ந்த பக்கங்கள் முறுக்கிய இரண்டு நூல்களால் ஆனவை. பக்கத்துக் கண்களோடு சேரும் இடத்தில் நூல்கள் ஒரே ஒரு முறை தாண்டுகின்றன, அவ்வளவுதான். அங்கே பக்கம் என்று சொல்லக்கூட எதுவும் இல்லை, வெறும் சந்திப்புதான். அதனால் இந்த வலை மிக லேசாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது.

மெக்லினில் அந்தச் சந்திப்பு கொஞ்சம் நீள்கிறது. இரண்டு இணைகளும் சந்தித்தவுடன் பிரிந்துவிடாமல், நான்கு கால் பின்னலாகச் சற்றுத் தூரம் சேர்ந்து போகின்றன. பழைய லேஸ் நூல்கள் இதை மூன்று சுற்றுப் பின்னல் என்று குறிப்பிடுகின்றன. இப்போது கண்ணுக்கு உண்மையிலேயே ஆறு பக்கங்கள் வந்துவிட்டன: முறுக்கிய பக்கங்கள் நான்கு, பின்னிய பக்கங்கள் இரண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பழைய வலையில் அந்தப் பின்னல் இன்னும் நீளம், நான்கு சுற்று. அதனால் அறுகோணம் மேலும் இழுபட்டுத் தெரியும்.

ஆகவே இவை தனித்தனி ஊர்களில் பிறந்த தனித்தனிக் கண்டுபிடிப்புகள்போல் எனக்குத் தோன்றவில்லை. ஒரே சூத்திரத்தில் ஒரு மாறியின் மதிப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போனதுபோல் இருக்கின்றன. சந்திப்பின் நீளம் ஏறத்தாழச் சுழியம் என்றால் லில். கொஞ்சம் கூட்டினால் மெக்லின். இன்னும் கூட்டினால் பிரஸ்ஸல்ஸ்.

வலன்சியென் லேஸ் இந்த வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. அதில் சாய்ந்த பக்கங்களும் நான்கு கால் பின்னல்கள்தான். முறுக்கு இணைகளே வலையில் கிடையாது. பிற்காலத்து வலன்சியெனில் கண்கள் சாய்சதுர வடிவில் கச்சிதமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு நூல்களுக்குப் பதில் நான்கு நூல்கள் வேண்டும் என்பதால் கட்டைகளின் எண்ணிக்கை எகிறிவிடும். அதற்கேற்ப நேரமும் விலையும் ஏறின. பதிலுக்கு அது உறுதியானது, பல முறை துவைத்தாலும் உருக்குலையாதது என்று பெயர் பெற்றது.

இன்னொரு தடயமும் உண்டு. லில், பக்கிங்ஹாம்ஷியர், மெக்லின் மூன்றிலும் பூவின் ஓரத்தைச் சுற்றி ஒரு தடித்த நூல் கோடு போட்டதுபோல் ஓடும். வலன்சியெனில் அந்தக் கோடு இல்லை. பூவும் வலையும் ஒரே நூலில் கலந்து நிற்கும். உருப்பெருக்கி இல்லாதபோது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

லில்லையும் பக்கிங்ஹாம்ஷியரையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். வலையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பாதை ஒன்றே. பக்கிங்ஹாம்ஷியர் லேஸுக்கு 'ஆங்கிலேய லில்' என்ற பட்டப்பெயரே இருந்தது. இந்த இரண்டில் மட்டும் பூ வடிவம், நிரப்பும் முறை போன்ற சிறு வழக்கங்களைப் பார்த்துத்தான் நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள். சில துண்டுகளில் அதற்கும் துணிவதில்லை.

பெயர் மாறும், எல்லை மாறும்

ஊர்ப் பெயரை நம்ப முடியாததற்கு அரசியலும் ஒரு காரணம். வலன்சியென் நகரம் முதலில் பிளாண்டர்ஸ் பக்கத்தைச் சேர்ந்த பகுதி; 1678இல் ஓர் உடன்படிக்கையால் பிரான்ஸுக்குப் போனது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்த நகரத்தில் லேஸ் தொழில் நொடித்துவிட்டது. ஆனால் வலன்சியென் லேஸ் மறையவில்லை. எல்லைக்கு அப்பால் ஈப்ர், புரூஜ், கென்ட் ஆகிய பெல்ஜிய நகரங்களில் அதே பின்னல் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு வலன்சியென் லேஸில் பெரும்பகுதி வலன்சியெனில் பின்னப்பட்டதே அல்ல.

இங்கிலாந்துக் கதை இன்னும் வேடிக்கையானது. உள்நாட்டுப் பின்னற்காரர்களைக் காக்க 1662இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வெளிநாட்டு லேஸ் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஆனால் அரசவைக்கு வேண்டியிருந்தது பிரஸ்ஸல்ஸ் லேஸ். வணிகர்கள் அதைக் கடத்தி வந்து 'இங்கிலாந்து லேஸ்' என்று பெயர் சூட்டி விற்றார்கள் என்று லேஸ் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிரஸ்ஸல்ஸ் லேஸில் ஒரு வகைக்கு 'இங்கிலாந்து' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், நான்கு சுற்றுப் பின்னல் தன் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரஸ்ஸல்ஸ் லேஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லில், மெக்லின் போன்றவற்றில் பூவும் வலையும் ஒரே ஓட்டத்தில், அதே நூல்களால் உருவாகும். பூவுக்குள் நுழைந்த நூல் மறுபக்கம் வெளியே வந்து மறுபடியும் வலையாகும். பிரஸ்ஸல்ஸில் பூக்களைத் தனித்தனியாகச் செய்துவிட்டுப் பிறகு வலையால் இணைப்பார்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் ஹோனிட்டன் லேஸும் இப்படித்தான். பல பேர் ஆளுக்கொரு பூ செய்து, கடைசியில் சேர்க்கலாம். பெரிய ஆடைகளுக்கு இது வசதி.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கும் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மகள் எலைசா அந்தத் தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். எலைசாவின் கணவர் ராபர்ட் கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். ஒரே வீட்டில் ஒருவர் மொழிகளின் அமைப்பை ஒப்பிட்டுக்கொண்டிருக்க, மற்றவர் நூல்களின் அமைப்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒற்றையா, இரட்டையா?

இனி இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பக்கிங்ஹாம்ஷியர் வலையில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தாண்டல், மூன்று முறுக்கல்கள். இதில் ஒரே ஒரு நூலுக்குச் சிவப்புச் சாயம் பூசிப் பின்தொடர்ந்தால் என்ன தெரியும்?

சந்திப்புக்குள் நுழையும் நான்கு நூல்களில் 2ஆம் நூல் வலப்பக்கம் தாண்டுகிறது. பிறகு மூன்று முறுக்கல். மூன்று ஒற்றைப்படை எண் என்பதால் இணைக்குள் அதன் இடம் மாறிவிடுகிறது. அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அது மறுபடியும் 2ஆம் இடத்தில் நிற்கிறது. ஆகவே மறுபடியும் வலப்பக்கம் தாண்டுகிறது. அதற்கடுத்த சந்திப்பிலும் அப்படியே. அந்த நூல் வலையின் குறுக்கே சாய்வாக ஓரம் வரை போய்க்கொண்டே இருக்கும். 3ஆம் நூல் அதேபோல் இடப்பக்கம் ஓடும். ஆனால் 1ஆம் நூலும் 4ஆம் நூலும் எங்கேயும் போவதில்லை. லேசாக இடமும் வலமும் அசைந்தபடி நேர்கீழே இறங்குகின்றன. மொத்தத்தில் பாதி நூல்கள் நேராக இறங்க, கால் பங்கு வலப்பக்கமும் கால் பங்கு இடப்பக்கமும் சாய்ந்து போகின்றன.

மூன்று முறுக்கலுக்குப் பதில் இரண்டு மட்டும் போட்டால்? இரண்டு இரட்டைப்படை எண். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நூலும் இணைக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: இப்போது சாய்வாக ஓடும் நூல் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு நூலும் பக்கத்து இணைக்குப் போய், நான்கு சந்திப்புகளுக்குள் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

டோர்ஷன் என்ற லேஸ் வகை மூன்றாவது விதம். பிரெஞ்சில் 'டோர்ஷன்' என்றால் துடைக்கும் துணி. தடித்த நூலில் செய்த மலிவான லேஸ் என்பதால் வந்த இளக்காரமான பெயர். சதுரக் கட்டத் தாளில் 45 பாகைச் சாய்வில் அதன் ஊசித்துளைகள் அமையும். ஒவ்வொரு சந்திப்பிலும் தாண்டல், முறுக்கல், ஓர் ஊசி, மறுபடி தாண்டல், முறுக்கல். நூலைத் தொடர்ந்தால் எல்லா நூல்களுமே சாய்வாக ஓடுவது தெரியும். நேரே இறங்கும் நூல் ஒன்றும் இல்லை. தூரத்தில் மூன்று வலைகளும் உறவுக்காரர்கள்போல் தெரிந்தாலும், உள்ளே நூல்களின் பயணம் முற்றிலும் வேறு.

பாதையைப் படித்த இளைஞர்

இது வெறும் புதிர்க் கணக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாதையைச் சரியாகப் படித்த ஒருவரால் ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு தலைகீழானது.

இங்கிலாந்தில் பின்னல் இயந்திரங்கள் செய்யும் தொழிலில் இருந்தவர் ஜான் ஹீத்கோட். அவர் கையால் பின்னிய லேஸ் வலையை எடுத்து, நூல்கள் எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்தார். பாதி நூல்கள் நேராக இறங்குவதையும் மறுபாதி குறுக்கே சாய்ந்து போவதையும் கண்டுபிடித்தார். அப்படியானால் ஓர் இயந்திரம் எல்லா நூல்களையும் ஆட்ட வேண்டியதில்லை. பாதியைத் தறியின் பாவு நூல்போல் நேராக நிறுத்திவிடலாம். மற்றவற்றை மட்டும் அவற்றைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினால் போதும். 1808, 1809ஆம் ஆண்டுகளில் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் இந்த எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தையொட்டித்தான். முறுக்கல் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தது அவருக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் பாருங்கள்! டோர்ஷன் வலையை அவர் ஆராய்ந்திருந்தால், நேரே நிறுத்திவைக்க ஒரு நூல்கூடக் கிடைத்திருக்காது.

அந்த நாள்களில் பக்கிங்ஹாம்ஷியர் வட்டாரத்தில் பெண்களும் குழந்தைகளும் லேஸ் பின்னிக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார்கள். ஐந்து, ஆறு வயதிலேயே குழந்தைகளை லேஸ் பள்ளியில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே படிப்பைவிடப் பின்னல்தான் அதிகம். அந்தக் கைகள் நாள் முழுதும் பின்னும் வெறும் வலையை இயந்திரம் வேகமாகவும் மலிவாகவும் தள்ளத் தொடங்கியது. கோபம் வேறு பக்கத்திலிருந்தும் கிளம்பியது. 1816 ஜூன் 28 இரவு, லஃப்பரோ ஊரில் இருந்த ஹீத்கோட்டின் ஆலைக்குள் இயந்திர எதிர்ப்புக் கலகக்காரர்கள் புகுந்து 50க்கும் மேற்பட்ட இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். பின்னர் அவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஹீத்கோட் அந்த ஊரையே விட்டு டெவன் மாவட்டத்தின் டிவர்ட்டனுக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார்.

டெவன்தான் ஹோனிட்டன் லேஸின் தாயகமும். அங்கே பின்னுபவர்கள் இயந்திர வலையை வாங்கி, கையால் செய்த பூக்களை அதன்மேல் வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமண உடைக்குச் செய்த ஹோனிட்டன் லேஸும் அப்படிப்பட்டதே. பெட்ஃபர்ட்ஷியர்க்காரர்கள் வேறு வழி தேடினார்கள். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு மால்ட்டா தீவின் லேஸ் பிரபலமானது. அதைப் பார்த்து, வலையே இல்லாமல் நான்கு கால் பின்னல்களால் பூக்களை இணைக்கும் பாணிக்கு மாறினார்கள். வலை செய்யும் இயந்திரத்தால் இதை உடனே நகலெடுக்க முடியவில்லை. பிரான்ஸின் க்ளூனி லேஸும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். க்ளூனியில் கட்டம் கட்டமான வடிவங்கள் அதிகம், பெட்ஃபர்ட்ஷியரில் கொடியும் இலையும் வளைந்தோடும்.

ஆனால் இயந்திரமும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பார்மன் ஊரின் பெயரால் ஒரு வகை இயந்திரம் வந்தது. பின்னல் கோலாட்டம் பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளும் வெளியுமாகச் சுற்றிவர, மேலே சடை தானாக விழும். பார்மன் இயந்திரமும் அதே தத்துவம்தான். அதில் நூற்கட்டைகளே வளைந்த தடங்களில் ஒன்றையொன்று சுற்றி ஓடுகின்றன. கை செய்யும் அதே தாண்டல், அதே முறுக்கல். பழைய வகை இயந்திர லேஸ்களில் பூவிதழின் அடர்ந்த பகுதி நெசவுபோல் இராது. உருப்பெருக்கியில் பார்த்தால் பிடிபட்டுவிடும். பார்மன் டோர்ஷனோ கை டோர்ஷனோ என்று பாதையை மட்டும் வைத்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம்.

கணித அறைக்குள் லேஸ்

நூல் பின்னல்களைக் கணிதமாக எழுத முடியும் என்று 1925இல் எமில் ஆர்ட்டின் என்ற கணிதவியலர் காட்டினார். லேஸ் வலைக்கான கணித மாதிரியை 2014இல் கனடாவைச் சேர்ந்த வெரோனிகா அர்வினும் ஃபிராங்க் ரஸ்கியும் வெளியிட்டார்கள். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் இணைகளை அம்புக்குறிகளாகவும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இரண்டு அம்புகள் நுழைய வேண்டும், இரண்டு வெளியேற வேண்டும். இந்த விதிக்கும் இன்னும் சில விதிகளுக்கும் பொருந்தும் வரைபடங்களைக் கணினியால் தேடினால், எந்த ஊரிலும் இதுவரை யாரும் பின்னியிராத வலைகளும் கிடைக்கின்றன. அர்வின் லேஸ் பின்னவும் தெரிந்தவர்; புதிய வலைகள் சிலவற்றைப் பின்னியும் காட்டியிருக்கிறார்.

நீங்கள் செய்து பார்க்கக் கணினி தேவையில்லை. ஒரு தெர்மோகோல் பலகையின் மேல் ஓரத்தில் ஆறு குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு நூல்களாக மொத்தம் பன்னிரண்டு நூல்களைக் கட்டுங்கள். மூன்றாவது இணையின் வலது நூல் மட்டும் சிவப்பாக இருக்கட்டும். முதல் வரிசையில் 1-2, 3-4, 5-6 என்று இணைகளைச் சேர்த்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தாண்டலும் மூன்று முறுக்கலும் போடுங்கள். இரண்டாவது வரிசையில் 2-3, 4-5 சந்திக்கும். ஓரத்து இணைகளை முறுக்கினால் மட்டும் போதும். மூன்றாவது வரிசை முதல் வரிசையைப்போல. அந்த வரிசை முடியும்போது சிவப்பு நூல் வலது ஓரத்தில், ஆறாவது இணையில் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, மூன்றுக்குப் பதில் இரண்டு முறுக்கலோடு நான்கு வரிசை பின்னுங்கள். சிவப்பு நூல் நான்காவது இணையை எட்டிப் பார்த்துவிட்டு, புறப்பட்ட மூன்றாவது இணைக்கே திரும்பி வந்து நிற்கும்.